தொடுமுனை

கூர்பீப்பில் மழை பெய்வதில்லை,
தொங்குகிறது.
அந்த ஈரம் சுவரில் ஏறிக் கம்பியில் இறங்கி
நோட்டரி கட்டடத்து லிப்டைப்
பிடித்து நிறுத்தியது
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே.

உள்ளே ஒரு பல் மருத்துவர்,
அவர் கையில் ஒரு பரங்கிக்காய்.
மேலறைக்கு ஓடிச் சக்கரத்தைக் கையால் சுற்றி
இருவரையும் மூன்றாம் மாடியில் இறக்கிவிட்டேன்.
அது வெறும் தோள்பலம்.
ஏன் நின்றது என்பதுதான் வேலை.

என் சட்டையில் தைத்திருக்கும் பெயர் வலைடன்.
வேலாயுதம் என்று ஒருவர் கப்பலில் வந்தாராம்,
துறைமுகத்து எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினாராம்.
வேலும் போயிற்று, ஆயுதமும் போயிற்று.
மிஞ்சியது வலை.

இரவு ஒன்பதரை.
பலகையை நாலு கோணத்தில் படமெடுத்து
எங்கள் கூட்டத்துக்கு அனுப்பினேன்.
எழுபத்திரண்டு பேர், எல்லோரும் லிப்டுக்காரர்கள்.
முகம் பார்த்ததில்லை. ஆனால்
எவர் எந்த ஸ்க்ரூவை இறுக்கி உடைப்பார்
என்று தெரியும்.
ஒருமுறை நான் தப்பாகச் சொல்லி
ஒருவருடைய மோட்டார் கருகிற்று.
யாரும் திட்டவில்லை.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

முதலில் ரீயூனியனிலிருந்து சினிமாலே.
(சின்னமலையாக இருந்திருப்பார்கள்.
அங்கேயும் ஓர் எழுத்தர்.)
ரிலேயை மாற்று என்றார்,
எதற்கும் அதையே சொல்வார்.
மாற்றினேன். லிப்ட் நகரவில்லை.
மொம்பாசாக்காரர் எண்ணெயைப் பற்றி ஏதோ எழுதப்போக
இருவருக்குள் எண்ணெய்ச் சண்டை மூண்டது,
போன தீபாவளிக்கு முன்னாலிருந்தே
புகைந்துகொண்டிருப்பது.

பிறகு டர்பன். அங்கே மணி ஏழரை.
கிஸ்டன் சாப்பிட்டுக்கொண்டே பேசி அனுப்பினார்,
மெல்லுகிற சத்தம் கேட்டது.
அவருடைய ஆங்கிலமும் என்னுடைய கிரியோலும்
முட்டிக்கொள்கிற இடத்தில்
இரண்டே தமிழ்ச் சொல்: தங்கச்சி, சரி.

பலகையை விடு, தங்கச்சி.
மெயினை அணைத்தாயா?
நாலாம் மாடிக் கதவுப் பூட்டைத் திற.
உள்ளே இரண்டு தொடுமுனை,
ஈரம் அங்கேதான் குடியிருக்கும்.
அரம் போடாதே, செத்துப்போகும்.
மெயினை அணைத்தாய்தானே?
தடித்த காகிதம் ஏதாவது இருக்கிறதா,
விசிட்டிங் கார்டு?

இருந்தது.
போன செவ்வாய், எபேனில், கண்ணாடி ஓட்டலில்
துறை வல்லுநர் சந்திப்பு.
பெண் ஒருத்தி வேண்டுமென்று
கம்பெனி என்னை அனுப்பியிருந்தது.
குரோசான் தின்றோம்.
கையைக் குலுக்கும்போதே அவர்கள் கண்
என் தோளுக்குப் பின்னால்
அடுத்த கையைத் தேடியது.
முப்பத்தொரு அட்டை சேர்ந்தது.
தொடர்பில் இருப்போம் என்றார்கள்,
முப்பத்தொரு பேரும்.

கருவிப்பையின் அடியில் கிடந்தன.
தடிப்பாக ஒன்றை எடுத்தேன்:
வணிக மேம்பாட்டுத் துணைத் தலைவர்,
பொன்னெழுத்தில்.
பொன் வழுக்கும், திருப்பிக்கொண்டேன்.
முனைகளுக்கு நடுவே நுழைத்து,
விரலால் அழுத்தி, மெல்ல இழுத்தேன்.
பச்சையாக ஒரு கோடு அட்டையில் இறங்கியது.
மறுபடி இழுத்தேன்.
கோடு கறுத்தது, சாம்பலாயிற்று,
பிறகு ஒன்றும் ஒட்டவில்லை.

லிப்ட் ஒரு தடவை இருமிவிட்டு
ஏறியது.

ஏறிடுச்சு என்று அனுப்பினேன்.
கிஸ்டன் ஒரு கட்டைவிரல் போட்டார்,
அவ்வளவுதான், சோறு ஆறியிருக்கும்.
நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் என்றார் சினிமாலே.
எண்ணெய்ச் சண்டையில் இப்போது
மூன்றாவது ஆள் நுழைந்திருந்தார்.

கீழே பல் மருத்துவர் போயிருந்தார்.
பரங்கிக்காயை எதற்கோ
வரவேற்பு மேசையிலேயே விட்டுவிட்டு.

மீதி முப்பது அட்டையையும்
ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு
ஈரம் படாமல் வைத்திருக்கிறேன்.
கூர்பீப்பில் மழைக்காலம் நீளம்.